தலைக்கு எட்டாத செய்திகள்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போதும் அந்தப் பழமொழியைத்தான் நம்மையறியாமல் நீட்டிக்கொண்டிருக்கிறோம். தலைமை அலுவலகம், தலைமைச் செயலாளர், துறைத் தலைவர். சங்கத்தில் சேர்ந்தவர் உறுப்பினர். கொஞ்சம் பழைய ஆள் பேசினால் அங்கத்தினர். இரண்டு சொல்லும் உடலின் பாகத்திலிருந்து வந்தவை. வங்கி இன்னொரு ஊரில் கடை விரித்தால் மட்டும் உடலை விட்டு மரத்துக்குத் தாவி, கிளை என்கிறோம்.

இந்தச் சொற்களுக்குள் ஒரு தகவல்தொடர்புக் கோட்பாடே ஒளிந்திருக்கிறது. கண்ணும் காதும் கண்டதைக் கேட்டதைத் தலைக்குச் சொல்லும். தலை யோசித்து உத்தரவு போடும். கையும் காலும் செய்யும். மேலே போவது அறிக்கை, கீழே வருவது ஆணை. பெரும்பாலான அலுவலகங்களின் சுவரில் மாட்டியிருக்கும் பொறுப்பு வரைபடம் இதன் படம்தான்.

சிக்கல் என்னவென்றால், உடல் அப்படி வேலை செய்வதில்லை. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது என்று வையுங்கள். தோலிலிருந்து கிளம்பும் சேதி தண்டுவடத்தை எட்டியதும், அங்கேயே தசைக்கு உத்தரவு போய்விடுகிறது. மூளைக்குப் போவது நகல் மாதிரி. "ஐயோ சுடுகிறதே" என்று நாம் உணர்வதற்குள் கை விலகியிருக்கும். மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தால் விரல் வெந்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் கணையம் இன்சுலினைச் சுரப்பதும் இரவும் பகலும் நடக்கின்றன. அதைப் பற்றித் 'தலைவர்' எந்தக் கூட்டமும் கூட்டுவதில்லை. உடலுக்குள் ஓடும் செய்திகளில் பெரும்பகுதி நம் நினைவுக்கு வருவதே இல்லை. வராமல் இருப்பதால்தான் நம்மால் வேறெதையாவது நினைக்க முடிகிறது.

நிறுவனத் தகவல்தொடர்பைப் பற்றி யோசித்தவர்கள் கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் உயிரியலிடமிருந்து நிறையக் கடன் வாங்கியிருக்கிறார்கள். எந்தச் செய்தி மேலே போகக் கூடாது, எது மங்கி மறைய வேண்டும், எது காதில் விழவே விழாது என்று உயிரியலிடம் கேட்டவர்கள் உருப்படியாக எதையோ கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஓர் உடல் என்ற உவமையோடு நின்றவர்கள் பழமொழியைத் தாண்டவில்லை என்பது என் எண்ணம்.

அந்த உவமைக்கு வயது அதிகம். கி.மு. 494இல் ரோமாபுரியின் சாமானியக் குடிகள் கடனும் படைச்சேவையும் தாங்காமல் ஊரைவிட்டு வெளியேறி ஒரு மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த மேட்டுக்குடிகளின் சபை மெனேனியஸ் அக்ரிப்பா என்பவரை அனுப்பியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உழைப்பது நாம், உட்கார்ந்து தின்பது வயிறு என்று கையும் வாயும் பல்லும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த கதையை அக்ரிப்பா அங்கே சொன்னாராம். வயிறு காய்ந்தது, கூடவே மற்ற உறுப்புகளும் வாடின. ஆகவே திரும்பி வாருங்கள். கதை அழகுதான், யார் அனுப்பி வந்து சொன்னார் என்பதுதான் இடிக்கிறது. அந்த மக்களும் விவரமானவர்கள். கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பவில்லை. தங்களைக் காக்கத் 'ட்ரிப்யூன்' என்ற தனி அதிகாரிகளைப் பெற்றுக்கொண்டுதான் ஊருக்குள் வந்தார்கள்.

உவமையிலிருந்து இயக்கமுறைக்குப் பேச்சு மாறியது 20ஆம் நூற்றாண்டில். அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன் 1926இல் 'ஹோமியோஸ்டேசிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். வெளியே வெயிலடித்தாலும் பனி பெய்தாலும் உடல் தன் வெப்பத்தையும் ரத்தத்தின் கலவையையும் ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்ளும் திறமைக்குப் பெயர் அது. 1932இல் வந்த தன் நூலின் முடிவுரையில், சமூகத்துக்கும் இப்படிப்பட்ட நிலைநிறுத்தும் ஏற்பாடு வேண்டாமா என்று அவரே கேட்டார். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம் அது. வியன்னாவைச் சேர்ந்த உயிரியலாளர் லுட்விக் ஃபான் பெர்ட்டலன்ஃபி, உயிருள்ளவை 'திறந்த அமைப்புகள்' என்றார்: உணவு, காற்று, தகவல் எல்லாம் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அவை அவையாக இருக்கும், வாசலை முழுக்க மூடினால் சாவு. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 'சைபர்னெட்டிக்ஸ்' என்ற துறைக்குப் பெயர் வைத்தபோது, விலங்கிலும் இயந்திரத்திலும் கட்டுப்பாடும் தகவல்தொடர்பும் ஒன்றே என்ற கருத்தை நூலின் துணைத்தலைப்பிலேயே போட்டுவிட்டார். அவருடன் சேர்ந்து இந்தச் சிந்தனையை வளர்த்தவர்களில் ஒருவர் மெக்சிகோவின் உடலியங்கியலாளர் ஆர்த்துரோ ரோசன்புளூத்.

'பின்னூட்டம்' என்ற சொல் பரவியது இங்கிருந்துதான். நம் அலுவலகங்களுக்கு வந்து சேர்வதற்குள் அதன் பொருள் திரிந்துவிட்டது. மேலாளர் "பாசிட்டிவ் ஃபீட்பேக்" என்றால் பாராட்டு என்று பொருள். "நெகட்டிவ்" என்றால் திட்டு. உடலியங்கியலில் நேர்மாறு. எதிர்ப் பின்னூட்டம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது: வெப்பம் ஏறினால் வியர்வை, இறங்கினால் நடுக்கம். நேர்ப் பின்னூட்டம் என்றால் இருப்பதை மேலும் மேலும் ஊதிப் பெருக்குவது. பிரசவ வலியும் ரத்தம் உறைவதும் அந்த வகை. அவற்றுக்கு ஒரு முடிவு இருக்கிறது, முடிவில்லாவிட்டால் ஆபத்து. எல்லாரும் எல்லாரையும் பாராட்டிக்கொண்டே இருக்கும் குழுவைக் கண்டால் உடலியங்கியலாளர் கொஞ்சம் கவலைப்படுவார்.

பிரிட்டனில் டாம் பர்ன்ஸ், ஜி. எம். ஸ்டாக்கர் என்ற இருவர் போருக்குப் பிந்தைய ஸ்காட்லாந்தின் மின்னணுத் துறைக்குள் நுழைய முயன்ற நிறுவனங்களை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நிறுவனங்களை 'இயந்திர வகை', 'உயிரி வகை' என்று இரண்டு முனைகளாகப் பிரித்தார்கள். பிரித்த அளவுகோல்களில் ஒன்று பேச்சு. இயந்திர வகையில் பேச்சு செங்குத்தாக ஓடுகிறது, உள்ளடக்கம் உத்தரவு. உயிரி வகையில் பக்கவாட்டிலும் ஓடுகிறது. மேல்நிலையில் இருப்பவரும் கீழ்நிலையில் இருப்பவரும் பேசினால்கூட ஆலோசனை கேட்பது போலிருக்கும், உள்ளடக்கம் தகவலும் யோசனையும். பின்னால் வந்த மேலாண்மைப் பயிற்சியாளர்கள் பலரும் விட்டுவிட்ட ஒரு வரி அந்த ஆய்வில் உண்டு: சந்தையும் தொழில்நுட்பமும் மாறாமல் இருக்கும் இடத்தில் இயந்திர வகையே பொருத்தம். உயிரி வகை எப்போதும் உயர்ந்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

இந்தக் கருத்துகள் ஒரு நாட்டின் மேலேயே பரிசோதிக்கப்பட்ட கதை சிலியில் நடந்தது.

1970இல் சிலியில் சல்வடோர் அயெண்டே குடியரசுத் தலைவரானார். சோசலிஸ்ட், படிப்பால் மருத்துவர். அவருடைய அரசு சுரங்கங்களையும் ஆலைகளையும் வேகவேகமாக அரசுடைமை ஆக்கியது. ஆக்கியாயிற்று, நடத்துவது எப்படி? அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்தில் இருந்த ஃபெர்னாண்டோ ஃப்ளோரெஸ் என்ற இளம் பொறியாளர் 1971 ஜூலையில் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பெற்றவர் ஸ்டாஃபர்ட் பீர். எஃகு ஆலைகளில் மேலாண்மை ஆய்வு செய்தவர், தாடியும் சுருட்டுமாகத் திரிந்தவர், மனித நரம்பு மண்டலத்தை மாதிரியாக வைத்து நிறுவனங்களை விளக்கும் நூலை எழுதிக்கொண்டிருந்தவர். அந்த நூல் 1972இல் வெளியானது.

பீரின் மாதிரியில் ஐந்து அடுக்குகள். முதல் அடுக்கு, தசையும் உறுப்பும் போல வேலை செய்யும் ஆலைகள். இரண்டாவது, அவை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பு. மூன்றாவது, மூளையின் அடித்தண்டு போல அன்றாட உள்விவகாரங்களைக் கவனிப்பது. நான்காவது, வெளியுலகையும் நாளையையும் பார்ப்பது. ஐந்தாவது, மூளைப் புறணி. கொள்கை முடிவு அங்கே. பார்வைக்கு இதுவும் தலை மேலே, கால் கீழே என்றுதான் தெரியும். வித்தியாசம் செய்திகள் ஓடும் விதத்தில் இருந்தது.

ஒவ்வோர் ஆலையும் உற்பத்தி, மூலப்பொருள், வேலைக்கு வராதோர் எண்ணிக்கை போன்ற சில எண்களை டெலக்ஸ் என்ற தொலைத்தட்டச்சுக் கருவி மூலம் தலைநகர் சாந்தியாகோவுக்கு அனுப்பும். முந்தைய அரசு வாங்கிப் பயன்படுத்தாமல் கிடங்கில் போட்டிருந்த நூற்றுக்கணக்கான டெலக்ஸ் கருவிகள் கைவசம் இருந்தன. பெரிய கணினி வசதி என்றால் ஒன்றே ஒன்று. கணினி அந்த எண்களைப் பார்த்து, வழக்கமான ஏற்ற இறக்கமா அல்லது நிஜமாகவே ஏதோ கோளாறா என்று கணிக்கும். வழக்கம் என்றால் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. கோளாறு என்றால் முதலில் அந்த ஆலைக்கே சொல்லும். குறிப்பிட்ட கால அவகாசத்துக்குள் அவர்களே சரிசெய்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. முடியாவிட்டால்தான் அடுத்த அடுக்குக்குச் சேதி ஏறும். இப்படி மேலேறும் அலறலுக்குப் பீர் வைத்த பெயர் 'ஆல்ஜிடோனிக்' சமிக்ஞை. கிரேக்கத்தில் வலி, இன்பம் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்தது. தோசைக்கல்லும் தண்டுவடமும் இங்கே டெலக்ஸும் ஆலையுமாக ஆகியிருக்கின்றன.

எல்லாவற்றையும் எனக்குச் சொல் என்று கேட்காத கட்டுப்பாட்டு முறை இது. இதன் பின்னால் இருப்பது ஆங்கிலேய மனநல மருத்துவர் ராஸ் ஆஷ்பி 1956இல் விளக்கிய விதி. சமாளிக்க வேண்டிய நிலைமைகள் எத்தனை வகையோ, சமாளிப்பவரிடமும் அத்தனைக்கு ஈடான வகையில் பதில்கள் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு அழைத்து, பத்தே பதில்கள் எழுதிக் கொடுக்கப்பட்ட ஊழியரிடம் பதினோராவது வகைச் சிக்கலைச் சொன்னவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை. மேலே இருப்பவரின் மண்டையைப் பெரிதாக்க முடியாது; ஆகவே கீழே இருப்பவரின் கையைக் கட்டாமல் விடு என்பதே ஆஷ்பியிடமிருந்து பீர் எடுத்துக்கொண்ட பாடம்.

1971 நவம்பரில் பீர் அயெண்டேவைச் சந்தித்தார். மருத்துவர் என்பதால் நரம்பு மண்டல விளக்கம் அவருக்கு எளிதில் பிடிபட்டதாம். தாளில் ஒவ்வோர் அடுக்காக வரைந்து கடைசியில் ஐந்தாவது பெட்டியை அடைந்தபோது, "இது நீங்கள்தான், தோழர் தலைவரே" என்று சொல்லப் பீர் வாயெடுத்திருக்கிறார். அதற்குள் அயெண்டே முந்திக்கொண்டு, கடைசியில் மக்கள் வந்துவிட்டார்கள் என்றாராம். பீரே பதிவு செய்திருக்கும் சம்பவம் இது. ஓர் அரசியல்வாதியின் சமயோசிதப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பதிலில் உண்மையான ஒரு கேள்வி இருக்கிறது: ஐந்தாவது பெட்டியில் யார் உட்கார வேண்டும் என்று நரம்பியல் சொல்லுமா? சொல்லாது.

'சைபர்சின்' என்ற அந்தத் திட்டத்தின் டெலக்ஸ் வலைக்கு 1972 அக்டோபரில் சோதனை வந்தது. லாரி உரிமையாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எந்தச் சாலை அடைப்பட்டிருக்கிறது, எங்கே சரக்கு தேங்கியிருக்கிறது, ஓடத் தயாராக இருக்கும் வண்டிகள் எங்கே என்ற சேதிகள் இரவு பகலாக டெலக்ஸில் பறந்தன. அரசு சமாளித்தது. ஆறுகோண அறையும் அதில் ஏழு சுழல் நாற்காலிகளும் சுவரில் திரைகளுமாகக் கட்டப்பட்ட கட்டுப்பாட்டு அறையின் படம்தான் இன்று எல்லாரும் பகிர்வது. உள்ளபடி அந்த அறை வழக்கமான பயன்பாட்டுக்கு வரவே இல்லை. கைகொடுத்தது தட்டச்சு அடித்த பழைய டெலக்ஸ்தான். 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியில் அயெண்டே இறந்தார், திட்டமும் முடிந்தது. தொழிலாளரைப் பங்காளியாக்குவோம் என்ற பேச்சு, அந்தத் திட்டத்தின் அன்றாட நடப்பில் பொறியாளர்களையும் மேலாளர்களையும் தாண்டி அதிகம் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பீரின் வலிச் சமிக்ஞைக்கு ஒரு நிபந்தனை உண்டு, அது அபூர்வமாக இருக்க வேண்டும். நரம்பியலாளர் எரிக் கேண்டல் அப்ளீசியா என்ற கடல்நத்தையை வைத்துக் காட்டியது இதைத்தான். அதன் குழாய்ப் பகுதியை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பு சிறுத்துக்கொண்டே வரும், நரம்பிணைப்பே மந்தமாகிவிடும். நினைவாற்றலைப் பற்றிய அந்த ஆய்வுகளுக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் அடிக்கும் கருவிகளின் ஒலி செவிலியர் காதில் விழாமல் போவதும், 'அவசரம்' என்று தலைப்பிட்டு வரும் சுற்றறிக்கைகளை நாம் கடைசியில் திறப்பதும் அந்த நத்தையின் உறவுமுறைதான்.

சிலியிலேயே, அதே ஆண்டுகளில், இன்னொரு உயிரியல் சிந்தனை கிளம்பியது. அதன் தொடக்கம் ஒரு தவளையில் இருக்கிறது. 1959இல் அமெரிக்காவின் எம்ஐடியில் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் என்ற நால்வர் தவளையின் பார்வை நரம்பை ஆராய்ந்தார்கள். கண் என்பது கேமரா, படத்தை அப்படியே மூளைக்கு அனுப்பும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. சின்னதாக, கருப்பாக, நகர்கிற எதையும் பிடித்துச் சொல்லும் நரம்பிழைகள் தவளையின் கண்ணிலேயே இருக்கின்றன. அதாவது 'பூச்சி' என்ற முடிவில் பாதி கண்ணிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. நகராத பூச்சி தவளைக்குப் பூச்சியே இல்லை. சுற்றிலும் செத்த ஈக்களைக் குவித்து வைத்தாலும் பட்டினி கிடந்து சாகும்.

கிணற்றுத் தவளையைப் பற்றி நாம் சொல்வது, அது வெளியே வந்து பார்க்கவில்லை என்று. இந்தத் தவளை வெளியேதான் இருக்கிறது, கண்ணும் திறந்துதான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் மாறும் விற்பனை எண்ணை உற்றுப் பார்த்து, ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ஒரு குறையைப் பார்க்காத நிறுவனத்துக்கு நம் கிணற்றைவிட எம்ஐடியின் தவளை பொருத்தம். தகவல் குறைவு என்று அங்கே இன்னொரு அறிக்கைப் படிவம் சேர்த்தால், அதிலும் அசைகிறவை மட்டுமே நிரப்பப்படும்.

அந்த நால்வரில் ஒருவரான உம்பெர்ட்டோ மட்டுரானா தாய்நாடான சிலிக்குத் திரும்பி, மாணவர் ஃபிரான்சிஸ்கோ வரேலாவுடன் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் 'ஆட்டோபொயசிஸ்' என்ற கருத்தை முன்வைத்தார். உயிர் என்பது தன்னைத்தானே ஓயாமல் ஆக்கிக்கொள்ளும் வலை. செல் தன் சவ்வை உண்டாக்குகிறது, அந்தச் சவ்வு செல்லைச் செல்லாக வைத்திருக்கிறது. வெளியுலகம் அதைச் சீண்டலாம், கிள்ளலாம். இப்படி ஆகு என்று கட்டளையிட முடியாது. சீண்டலுக்கு என்ன பதில் என்பதை உள்ளமைப்புதான் முடிவு செய்யும். இது உண்மையென்றால், தகவல் என்பது குழாயில் தண்ணீர் போல ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஊற்றப்படும் சரக்கு என்ற எண்ணம் நிற்காது. "நான்தான் தெளிவாக மெயில் போட்டேனே" என்ற அலுவலகப் புலம்பலுக்கு மட்டுரானாவின் பதில் இரக்கமற்றது: நீங்கள் போட்டது ஒரு சீண்டல், அவ்வளவுதான்.

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் இதை எடுத்து 1984இல் வந்த தன் பெருநூலில் சமூகத்துக்கே பொருத்தினார். சமூகம் மனிதர்களால் ஆனதல்ல, தகவல்தொடர்புகளால் ஆனது. நிறுவனம் முடிவுகளால் ஆனது, ஒரு முடிவு அடுத்த முடிவைப் பெற்றெடுக்கிறது. மனிதர்கள் அதற்குச் 'சூழல்'. மனிதவளத் துறைக்காரர்கள் இதை ரசிக்க மாட்டார்கள். ஆனால் ஓர் அரசு அலுவலகக் கோப்பைத் திறந்து பார்த்தவருக்கு லூமன் அந்நியராகத் தெரிய மாட்டார். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், குறிப்பு குறிப்பைப் பெற்றுக்கொண்டு கோப்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. கருத்தைப் பெற்றெடுத்த மட்டுரானாவுக்கும் வரேலாவுக்கும் இந்தத் தத்துப்பிள்ளையிடம் சங்கடம் இருந்தது. செல்லுக்குச் சொன்னதை நிறுவனத்துக்குச் சொல்லும்போது, தனிமனிதன் முழுமைக்காகத் தேய வேண்டியவன் ஆகிவிடுகிறானே என்ற அச்சத்துக்கு, ராணுவ ஆட்சியைக் கண்ட நாட்டுக்காரர்களுக்குக் காரணம் இருந்தது.

அயெண்டே அரசில் அமைச்சராகவும் ஆகியிருந்த ஃப்ளோரெஸ், புரட்சிக்குப் பின் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். விடுதலையானதும் கலிஃபோர்னியா போய் முனைவர் பட்டம் பெற்றார். டெலக்ஸ் வலையைக் கட்டியவர், இப்போது சேதி அனுப்புவதைப் பற்றியே சந்தேகப்பட்டார். மட்டுரானாவின் உயிரியலையும் பேச்சு என்பது ஒரு செயல் என்ற மெய்யியலையும் சேர்த்து, கணினி அறிவியலாளர் டெரி வினோகிராடுடன் 1986இல் எழுதிய நூலில் அவர் சொன்னது இதுதான்: அலுவலகத்தில் நடப்பது தகவல் பரிமாற்றம் என்பதைவிட, வாக்குக் கொடுப்பதும் வாங்குவதும். ஒருவர் கேட்கிறார், மற்றவர் ஒப்புக்கொள்கிறார் அல்லது மறுக்கிறார், முடித்தேன் என்கிறார், கேட்டவர் சரி என்கிறார். இந்த நான்கில் எது விடுபட்டாலும் வேலை தொங்கும். நம் பேச்சில் "பார்க்கலாம்", "செஞ்சிடலாம் சார்" என்ற இரண்டும் வாக்கா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் மிதப்பதை நினைத்துப் பார்த்தால் ஃப்ளோரெஸ் எதைப் பிடித்தார் என்று புரியும். இதை வைத்து அவர் உருவாக்கிய 'கோஆர்டினேட்டர்' என்ற மென்பொருளில் ஒவ்வொரு மடலையும் கோரிக்கையா வாக்குறுதியா என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். மானுடவியலாளர் லூசி சக்மன் 1994இல் அதைக் கடுமையாக விமர்சித்தார்: பேச்சை வகைப்படுத்துவது பேசுபவரை ஒழுங்குக்குள் அடைக்கும் வேலை என்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. "பார்க்கலாம்" என்ற சொல் சில நேரம் கீழே இருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே தடுப்புச்சுவர்.

டார்வின் வழியில் வந்தவர் நிறுவனங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் வைக். மாறுபாடு, தேர்வு, தக்கவைத்தல் என்ற பரிணாமப் படிகளை 1969இல் வந்த தன் நூலில் நிறுவனப் பேச்சுக்குப் பொருத்தினார். குழப்பமான ஒரு நிலைமை. அதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம். அவற்றில் ஒன்று பிழைக்கிறது. பிழைத்தது நாளைய பழக்கமாகிறது. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பு வீரர்கள் காட்டுத்தீயில் இறந்ததைப் பற்றி அவர் 1993இல் எழுதியது பலராலும் படிக்கப்பட்டது. தீ துரத்தி வரும்போது குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் முன்னாலிருந்த புல்லுக்குத் தானே நெருப்பு வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டார், மற்றவர்களையும் வரச் சொன்னார். யாரும் வரவில்லை, அவர் பிழைத்தார். என் வாசிப்பில் அது ஓர் உயிர்காக்கும் மாறுபாடு. அதைத் தேர்ந்தெடுக்க அந்தக் குழுவின் பழக்கத்தில் எதுவுமே இல்லை, தீயணைக்க வந்த தலைவன் தீ வைப்பதற்கு அவர்களிடம் பொருள் இல்லை.

கரையானைப் பற்றி ஒரு வார்த்தை. புற்றுக் கட்டும் கரையான்களுக்கு மேஸ்திரி கிடையாது. கட்டி வைத்த மண்ணுருண்டையே அடுத்ததை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிறது என்றார் பிரெஞ்சு விலங்கியலாளர் கிராஸ்ஸே. 1959இல் அதற்கு 'ஸ்டிக்மெர்ஜி' என்று பெயரிட்டார். ஆளுக்கு ஆள் பேசாமல், வேலையின் மூலமே பேசுவது. மருத்துவமனைக் கட்டிலின் காலடியில் தொங்கும் கேஸ் ஷீட் அந்த ரகம். விக்கிப்பீடியாவும் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்பட்டது.

எனக்கு மிகப் பிடித்தது தேனீக்களின் கூட்டம்தான். கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீக்களின் வாலாட்டு நடனத்தைப் படித்துச் சொன்னவர், 1973இல் நோபல் பெற்றவர். நேராக ஆடும் ஓட்டத்தின் சாய்வு சூரியனிலிருந்து திசையைக் காட்டும், ஓட்டத்தின் நீளம் தூரத்தைக் காட்டும். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1949இல் மியூனிக்கில், புது வீடு தேடிக் கிளையில் தொங்கிய ஒரு தேனீத் திரளின் மேல் சில தேனீக்கள் ஆடுவதைக் கவனித்தார். மகரந்தம் இல்லை, உடம்பெல்லாம் அழுக்கு. சிலவற்றில் கரி, சிலவற்றில் செங்கல் தூள், சிலவற்றில் மாவு. குண்டுவீச்சில் சிதைந்த நகரம் அது. புகைபோக்கிக்குள்ளும் இடிந்த சுவர்ப் பொந்துக்குள்ளும் புகுந்து பார்த்துவிட்டு வந்து வீடு பற்றி அறிக்கை கொடுக்கின்றன என்று பிறகு தெளிவானது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி இந்த வேலையைத் தொடர்ந்தார். சுமார் பத்தாயிரம் தேனீக்கள் உள்ள திரளில் வேவு பார்ப்பவை சில நூறு. நல்ல பொந்தைப் பார்த்தவை நீண்ட நேரம் ஆடும், சுமாரானதைப் பார்த்தவை கொஞ்ச நேரம். ஆட்டத்தைப் பார்த்த தேனீ உடனே ஆமாம் போடுவதில்லை. தானே பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆடும். ராணிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஏதாவது ஒரு பொந்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 20, 30 வேவுத் தேனீக்கள் சேர்ந்துவிட்டால் முடிவு எடுத்தாயிற்று, புறப்பட வேண்டியதுதான். நாம் நினைப்பது போல ஒருமித்த கருத்துக்காக அவை காத்திருப்பதில்லை.

இதில் இரண்டு நுணுக்கங்கள். ஒவ்வொரு வேவுத் தேனீயும் தன் பொந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும், கடைசியில் நிறுத்திவிடும். பொந்து எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் சரி. புதிதாகப் போய்ப் பார்ப்பவர்கள் எடுத்து ஆடினால்தான் அந்தப் பொந்து பேச்சில் தங்கும். தன் யோசனையைப் பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு கூட்டத்திலும் அதே உற்சாகத்தோடு முன்வைக்கும் மூத்த உறுப்பினர் தேனீக்களில் கிடையாது. இன்னொன்று: வேறு பொந்துக்காக ஆடும் தேனீயைத் தலையால் முட்டி, சின்னதாய் 'பீப்' என்று ஓர் ஒலி எழுப்பி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞையும் உண்டு என்று சீலியும் உடனாய்வாளர்களும் 2012இல் காட்டினார்கள். மூளையில் போட்டியிடும் நரம்புச் செல் கூட்டங்கள் ஒன்றையொன்று அடக்கி முடிவுக்கு வருவதும் இதே கணக்கில்தான். பத்தாயிரம் உடல்கள் கூடி ஒரு மூளை போல வேலை செய்கின்றன. அந்த மூளைக்குத் தலை இல்லை. சீலி தன் துறையின் ஆசிரியர் கூட்டங்களை நடத்தும்போது இவற்றில் சிலவற்றை முயன்று பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் தேனீயிடம் கடன் வாங்கும்போது வட்டியையும் பார்க்க வேண்டும். வேவுத் தேனீக்குத் தரகுக் கமிஷன் கிடையாது. எந்தப் பொந்து தேர்வானாலும் அதே வீட்டில்தான் அதுவும் குடியிருக்கும், ஆகவே பொய் ஆட்டம் ஆட அதற்குக் காரணமில்லை. உடலின் செல்களுக்கும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரே மரபணு, ஒரே கதி. சிறுநீரகம் ராஜினாமா செய்யாது, வேறு உடலில் நல்ல சம்பளம் கிடைக்கிறதா என்று பார்க்காது, சங்கம் வைக்காது. நிறுவனத்தில் இருப்பவர்கள் இவை அனைத்தையும் செய்கிறார்கள். அந்த நலன்கள் முட்டிக்கொள்வதுதான் அங்கே பேச்சின் பெரும்பகுதி. 'ஒட்டுண்ணி', 'புற்றுநோய்', 'ஆரோக்கியமான ஆட்குறைப்பு' போன்ற சொற்கள் நிர்வாகத்தின் வாயில் வரும்போது அக்ரிப்பா மறுபடி மலையேறுகிறார் என்று பொருள். உயிரியல் எப்படிச் செய்தி ஓடுகிறது என்று சொல்லித்தரும். யாருக்காக ஓட வேண்டும் என்ற கேள்வியை அயெண்டேயின் ஐந்தாவது பெட்டி போலக் காலியாகவே விட்டுவைக்கும்.

தேனீக்களுக்கும் எப்போதும் கைகூடிவிடுவதில்லை. லிண்டாவர் கவனித்த திரள்களில் ஒன்று, இரண்டு பொந்துகளுக்கு நடுவே முடிவு செய்ய முடியாமலேயே கிளம்பிவிட்டது. பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாக ஆகாயத்தில் இழுபறி. இன்னொரு திரள் எந்த வீட்டுக்கும் உடன்படாமல், தொங்கிய இடத்திலேயே வெட்டவெளியில் அடை கட்ட ஆரம்பித்துவிட்டது.